பிளாஸ்திரி ஒட்டிய புத்தகங்கள்

புதுக் கண்ணாடி வாங்கிப்போன ஆள் மறுநாளே கடைக்குத் திரும்பி வந்தால் விஷயம் இரண்டில் ஒன்றுதான். வீட்டில் யாரோ "இது உனக்கு நல்லாவே இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். அது இல்லையென்றால், படிக்கட்டு பள்ளத்தில் கிடக்கிறது, சுவர் சாய்ந்திருக்கிறது, தலை கிறுகிறுக்கிறது என்பார்கள். முதல் வகையைக் கடைக்காரரே சிரித்துப் பேசிச் சமாளித்து அனுப்பிவிடுவார். இரண்டாவது வகை வந்தால் பின்னறைப் பக்கம் திரும்பி, "லென்ஸக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்பார்.

உள்ளேயிருந்து வருகிறவளுக்கு ஐம்பது தாண்டி சில வருஷம். உடுப்பின் மேல் போட்டிருக்கும் கோட்டில் எப்போதும் லென்ஸ் தேய்த்த வெள்ளைத் தூள். வந்தவரின் முகத்தைப் பார்க்க மாட்டாள். முதலில் மூக்கைப் பார்ப்பாள், பிறகு காதுகளை. இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்கிற மனுஷர்கள் உலகத்தில் குறைச்சல் என்பது அவள் கட்சி. கண்ணாடியை வாங்கி, சூடான காற்றடிக்கும் கருவிக்கு முன்னால் நீட்டி, காதில் மாட்டும் கம்பியை ஒரு பக்கம் மட்டும் லேசாக வளைத்துத் திரும்ப மாட்டிவிடுவாள். "இப்ப நடந்து பாருங்க" என்பாள். நடந்து பார்த்தவர்களில் பாதிப்பேர் நன்றி சொல்வார்கள். மீதிப்பேர், இதை நேற்றே செய்திருக்கக் கூடாதா என்று கடைக்காரரை முறைத்துக்கொண்டு போவார்கள்.

இந்த ஊர் அவளுக்குப் பிறந்த ஊர் இல்லை. லென்ஸ் தேய்க்கிற வேலையைக் கற்றுக்கொள்ள இருபது சொச்சம் வயதில் வந்தாள். கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி, அங்கே ஒரு கடையில் சேருவதாகத்தான் வீட்டில் பேச்சு. தங்கியது வேலைபார்க்கும் பெண்களுக்கான விடுதியில். ஓர் அறைக்கு இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், தலையை ஆட்ட மறந்துபோன ஒரு மேஜை விசிறி. எதிர்க் கட்டிலில் ஒரு நர்ஸ்.

முதல் வாரத்திலேயே நர்ஸ் அவளுக்குப் "பவரு" என்று பெயர் வைத்துவிட்டாள். யாரைப் பார்த்தாலும் கண்ணுக்கு என்ன பவர் இருக்கும் என்று கணக்குப் போடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பவரு பதிலுக்கு அவளை "ஊசி" என்றாள். அதில் தொழில் பாதி, பேச்சு பாதி.

இருவரும் நெருங்கியது ஒரு சண்டையில்தான். பழைய புத்தகங்களைத் தரையில் பரப்பி விற்கிற இடத்தில் செங்கல் கனத்துக்கு ஒரு நாவல் கிடைத்தது. சேர்ந்து வாங்கினார்கள். யார் முதலில் படிப்பது?

"நீ எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணமாகிப் பேரன் பொறந்துடுவான்டி" என்றாள் ஊசி.

"நீ கையில எடுத்தா டெட்டால் வாசனை வந்துடும். அப்புறம் நான் எப்படிப் படிக்கறது?"

இரண்டு நாள் புத்தகம் யார் கையிலும் இல்லாமல் மேஜையில் கிடந்தது. மூன்றாம் நாள் பவரு கடையிலிருந்து ஒரு நல்ல பிளேடு கொண்டுவந்தாள். நடுவில் ஓர் அத்தியாயம் முடிகிற இடமாகப் பார்த்து, புத்தகத்தை முதுகோடு சேர்த்து ஒரே இழுப்பில் இரண்டாக அறுத்தாள். நூல்கூடப் பிசிறவில்லை. ஊசி வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரியை எடுத்து, அறுபட்ட இரண்டு முதுகிலும் நெடுக ஒட்டினாள். "பேஷண்ட் ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள்.

முன்பாதியைப் பவரு எடுத்துக்கொண்டாள். முதலில் நீ முடி, நான் காத்திருக்கிறேன் என்று ஊசி சொல்லுவாள் என்று பார்த்தால், அவள் பின்பாதியைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய், பைத்தியமா நீ? ஆரம்பமே தெரியாம?"

"வார்டுல தினமும் என்ன ஆகுமோ ஏது ஆகுமோன்னுதான் இருக்கு. புத்தகத்துலயும் எனக்கு அதே அவஸ்தையா? முடிவு தெரிஞ்சுட்டா நிம்மதியா ஆரம்பத்தைப் படிப்பேன்."

அப்படி ஒரு வழக்கம் விழுந்தது. அதன்பின் வாங்கிய கனமான புத்தகம் எதையும் அவர்கள் முழுசாக வைத்திருந்ததில்லை. பவரு முன்னாலிருந்து, ஊசி பின்னாலிருந்து. ஆளுக்கொரு பாதி முடிந்ததும் மாற்றிக்கொள்வார்கள். பவரு போட்ட ஒரே சட்டம், முடிவை ஊசி வாய்திறந்து சொல்லக் கூடாது. ஊசி அதில் கெட்டி. கெஞ்சினாலும் வராது.

"யாராவது சாகறாங்களாடி?"

"படி."

"ஒரே ஒருத்தர் மட்டும் சொல்லு. அந்தக் கணக்கு வாத்தியார் தப்பிச்சுடுவாரா?"

"படிடி. செத்தா தானா தெரிஞ்சுட்டுப் போகுது."

முதுகில் இருக்கும் பெயரைப் பிளாஸ்திரி மூடிவிடுவதால் புத்தகங்களின் பெயர்கள் அவர்களிடையே புழங்கவில்லை. இவர்களே பெயர் வைத்தார்கள். கலங்கரை விளக்கம், பேசாத மாமியார், திருடனின் தங்கச்சி. இந்த மூன்றும் இரண்டு பேருக்கும் உயிர். கலங்கரை விளக்கத்தை எத்தனை தடவை படித்திருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பிளாஸ்திரி பழுத்து உதிர, ஊசி மறுபடி ஒட்டுவாள். ஒரு தடவை வார்டில் பிளாஸ்திரி குறைகிறதே என்று தலைமை நர்ஸ் விசாரணை வைத்தாளாம். "புத்தகத்துக்குக் காயம்னு சொல்ல முடியுமா? கம்முனு நின்னுட்டேன்" என்று வந்து சொல்லிச் சிரித்தாள்.

ஊசிக்குக் கல்யாணமானது. மகன் பிறந்தான். வேலைக்காக வேறு ஊர் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அதைப் பற்றி ஊசி பேசிய மொத்தப் பேச்சும் ஒரு வரிதான்: "நல்லவேளை, இந்தப் பின்பாதியை நான் முன்னாடியே படிச்சிருந்தேன்." அப்போது பவருவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. லென்ஸ் சப்ளை செய்கிற கம்பெனி ஆள், நல்ல மனுஷன். ஆனால் அவருடைய ஊருக்குப் போக வேண்டும். பவரு யோசித்துப் பார்த்தாள். ஊசிக்குப் பகல் ஷிப்ட் வந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவருவது அவள்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பையன் அவளைப் "பெரியம்மா" என்று கூப்பிட்டான். அவனுக்கு முதல் கண்ணாடி போட்டதும் அவள்தான். அவன் நாலு தடவை உடைத்தான், நாலு தடவையும் காசு வாங்காமல் மாட்டிக் கொடுத்தாள்.

பிள்ளை மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். ஊர் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. பஸ் கிளம்பின பிறகும் அவள் கையைக் காட்டினால் நிறுத்துகிற கண்டக்டர், ரொட்டிக் கடையில் அவளுக்காக எடுத்துவைக்கிற ஓரத் துண்டு, மழை பெய்தால் எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கும் எந்தச் சந்தில் வடியும் என்கிற ஞானம். பிறந்த ஊருக்குப் போனால் இரண்டாம் நாளே இந்த ஊர்ச் சாக்கடை வாசனைகூட ஞாபகம் வரும். போய்விட்டுத் திரும்பும்போது பஸ் நிலையத்தில் இறங்கினதும் தோள் தானாகக் கீழே இறங்கும். அந்தத் தோள் இறக்கத்துக்குத்தான் ஜனங்கள் வீடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை ஊசியிடம் சொன்னாள். "அதுக்குப் பேரு பையைக் கீழ வைக்கறது" என்றாள் ஊசி.

ஊசி கடன் வாங்கி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வீடு வாங்கியிருந்தாள். புத்தகங்களெல்லாம் அங்கேதான், கூடத்தில், கண்ணாடிக் கதவு வைத்த அலமாரியில். வாடகை அறையில் இருந்த பவரு தினமும் வேலை முடிந்து அங்கே போய்விட்டுத்தான் தன் அறைக்குப் போவாள். வயதான பிறகு பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும் என்பது இருவரும் எப்போதோ பேசி முடித்த விஷயம். அதனால் அந்த மூன்றாவது மாடியில் பக்கத்து வீடு விலைக்கு வந்தபோது ஊசி வேலை நேரத்திலேயே கடைக்கு ஓடிவந்து சொன்னாள்.

பவருவிடம் கையிருப்பு போதாது. ஆனால் பிறந்த வீட்டில் அவளுக்கு ஒரு பங்கு இருந்தது. தம்பிக்கு அதைக் கேட்டதும் கோபம்.

"அக்கா, இங்க மாடியில உனக்குன்னு ஒரு ரூம் போட்டுத் தரேன். பசங்களும் அத்தை அத்தைன்னு இருப்பாங்க. எதுக்கு அங்க போய் ஒத்தையில?"

"ஒத்தையில எங்கடா? பக்கத்து வீட்டுல அவ இருக்கா."

"சிநேகிதியை நம்பி வீடு வாங்கற முதல் ஆளு நீதான்க்கா. நாளைக்கு அவங்க மகன் வெளிநாட்டுலேர்ந்து வந்து கூட்டிட்டுப் போயிட்டா?"

"அவ போக மாட்டா. உனக்கு அவளைத் தெரியாது."

பேச்சு இழுத்தடித்துப் பல மாதமானது. கடைசியில் அவளுக்குப் பணம் கொடுத்துப் பங்கைத் தம்பியே எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் மனைவி போனில் பேசுவதை நிறுத்திவிட்டாள். பிறந்த வீட்டில் இனி அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு செங்கல் கிடையாது. அது தெரிந்தேதான் செய்தாள். பதிவு அலுவலகத்தில் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது ஊசி. கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. இரண்டு தடவை உதறினாள். பவரு தன் பேனாவைக் கொடுத்தாள்.

குடிவந்து ஒன்றரை மாதம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த ஊசியின் மகன் கடைக்கு வந்தான். நேரே பின்னறைக்கே வந்துவிட்டான், சின்ன வயதில் வருவதுபோல.

"பெரியம்மா, அம்மாவுக்குக் கண்ணாடி ரெண்டு செட்டு எக்ஸ்ட்ரா போட்டுக் குடுங்களேன். அங்க கண்ணாடி விலை எக்கச்சக்கம்."

பவரு மெஷினில் லென்ஸை வைத்துக்கொண்டிருந்தாள். "அங்கன்னா எங்க?"

"எங்க வீட்டுலதான். அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்ல?"

"எத்தனை நாளைக்கு?"

அவன் முகம் மாறியது. "அம்மா சொல்லலையா?"

மெஷினை நிறுத்தினாள். "நீ சொல்லு."

"மொத்தமா வராங்க பெரியம்மா. விசா பேப்பர்லாம் போன மழைக்காலத்துலயே வந்துடுச்சு. டிக்கெட்தான் இப்ப போட்டேன். நீங்கதான் அம்மாகிட்ட தினமும் பேசறீங்களே, நான் என்னமோ உங்களுக்குத் தெரியும்னு..."

போன மழைக்காலம். பத்திரப் பதிவு நடந்தது அதற்குப் பிந்தின வெயில் காலத்தில். பவரு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியில் துடைத்து, மறுபடி மாட்டினாள். கோட்டில் இருந்த தூள் லென்ஸில் கீறல் போட்டது. தொழிலில் இத்தனை வருஷத்தில் அவள் செய்யாத தப்பு அது.

அன்று வேலை முடிந்ததும் ஊசி வீட்டுக்குப் போனாள். ஊசி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பவருவின் முகத்தைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள்.

"சொல்லிட்டானா?"

"நீ ஏன் சொல்லல?"

"உக்காரு முதல்ல."

"சாட்சிக் கையெழுத்துப் போட்டியே ஊசி. தெரிஞ்சேதானே போட்ட?"

"சொல்லியிருந்தா நீ வாங்கியிருக்க மாட்ட."

"ஆமா, வாங்கியிருக்க மாட்டேன்."

"அதான். வாங்கலைன்னா என்ன பண்ணியிருப்ப? இன்னும் ரெண்டு வருஷத்துல உங்க முதலாளி உனக்கு ஒரு மாலை போட்டு அனுப்பிடுவார். வாடகை குடுக்க முடியாம தம்பி வீட்டு மாடி ரூமுக்குப் போயிருப்ப. உன் தம்பி பொண்டாட்டி உன்னைக் காலையில சமையல் ரூம்ல நிறுத்தினா சாயந்திரம்தான் வெளிய விட்டிருப்பா. எனக்கு அது நல்லாத் தெரியும் பவரு. உனக்குன்னு ஒரு வீடு இருக்கட்டும்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன்."

"எனக்கு எது நல்லதுன்னு என்கிட்ட கேக்காம நீயே முடிவு பண்ணுவியா?"

"நர்ஸ் வேலையே அதானேடி" என்று சிரிக்கப் பார்த்தாள் ஊசி. பவரு சிரிக்கவில்லை. ஊசி இன்னொரு துணியை எடுத்தாள். "முடிவைச் சொல்லக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட?"

"அது புத்தகத்துக்குடி."

ஊசி மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். போக வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை, பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மகன் அழுதான், வருஷத்துக்கு ஒரு தடவை வந்துவிடுவேன் என்றெல்லாம் சொன்னாள். எல்லாமே உண்மையாகக்கூட இருக்கலாம். பவருவுக்கு ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை மாதம், தினமும், இதே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, ஜன்னலுக்கு என்ன நிறத் திரை போடலாம், தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று இவள் தன்னோடு சேர்ந்து யோசனை சொல்லியிருக்கிறாள். புத்தகத்தின் கடைசிப் பக்கம் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஊசியின் முகத்தைப் பவரு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை அந்த முகத்தை அடையாளம் தெரியாமல் போனது அவளுக்குத்தான் கேவலமாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அலமாரிப் புத்தகங்களைப் பிரித்தார்கள். ஊசி மூன்று புத்தகங்களின் முன்பாதிகளை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தாள்.

"கலங்கரை விளக்கம், பேசாத மாமியார், திருடனின் தங்கச்சி. மூணுலயும் முன்பாதி என்கிட்ட, பின்பாதி உன்கிட்ட. எங்க இருந்தாலும் ஆளுக்குப் பாதி. என்ன சொல்றே?"

அவள் கண் கலங்கியிருந்தது. இது அழகாக இருக்கிறது என்று அவள் நினைத்துவிட்டாள் என்பதைப் பவரு கவனித்தாள். பின்பாதிகள் மூன்றையும் எடுத்து அவற்றின் மேல் வைத்தாள்.

"முழுசா எடுத்துட்டுப் போ."

"அப்ப உனக்கு?"

"அறுத்து வச்சது சேர்ந்து படிக்க. நீ ஒரு தேசத்துலயும் நான் ஒரு தேசத்துலயுமா வச்சுகிட்டு அழவா? எடுத்துட்டுப் போடி."

மீதி எல்லாவற்றையும் பவரு கைக்கு அடங்கின அளவு அடுக்கடுக்காகத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரோரம் தரையில் வைத்தாள். ஊசி உதவ வந்தாள். வேண்டாம் என்றாள்.

மறுநாள் டாக்ஸி வந்தபோது பவரு கடையில் இருந்தாள். லீவு கேட்டிருந்தால் முதலாளி கொடுத்திருப்பார். அவள் கேட்கவில்லை. சாயந்திரம் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. கட்டடத்து வாட்ச்மேன் கையில் ஒரு துணிப்பையுடன் மாடி ஏறி வந்தார்.

"அம்மா, இது உங்களுதான்னு பாருங்க. காலையில அந்தத் தம்பி பெட்டியை எடை போட்டுப் பாத்தாரு. ஜாஸ்தியா இருந்துச்சு போல. இதை எடுத்து என் கையில குடுத்து, பழைய பேப்பர்காரன் வந்தா போட்டுடுங்கன்னாரு. பிளாஸ்திரி ஒட்டின புத்தகம் உங்க கையிலதான் நான் பாத்திருக்கேன். அதான் போடல."

"அவங்க அம்மா பக்கத்துல இருந்தாங்களா?"

"அவங்க அப்ப டாக்ஸியில ஏறி உக்காந்துட்டாங்க. அழுதுட்டு இருந்தாங்க."

ஆறு பாதிகளும் இருந்தன. பவரு வாட்ச்மேனுக்கு நன்றி சொன்னாள். பையை நாற்காலிமேல் வைத்தாள். பிரித்துப் பார்க்கவில்லை.

ஊசி வாரம் ஒருமுறை போன் செய்தாள். அங்கே குளிர், இங்கே என்ன, முட்டி எப்படி, கடை எப்படி. பவரு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். ஊசி பேசும்போதெல்லாம் பின்னால் பாத்திரச் சத்தமோ பிள்ளை அழுகையோ இருந்தது. ஒரு தடவையும் அவள் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை. இதைப் பவரு கவனித்தாள். கவனித்ததைச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊசியின் குரலில் ரொம்ப நாளாக இல்லாத ஒரு குழைவு.

"நேத்து என்ன பண்ணேன் தெரியுமா? கலங்கரை விளக்கத்தை எடுத்தேன். அந்தப் புயல் வருமே, அதுவரைக்கும் ஒரே மூச்சுல படிச்சேன்டி. நீ ஞாபகம் வந்துட்டே."

பவரு நாற்காலியில் இருந்த பையைப் பார்த்தாள்.

"எந்தப் பாதி?"

"முன்பாதிதான். புயல் அதுலதானே வரும்?"

"சரி. சொல்லு, என்ன விஷயம்?"

 ஊசி குரலைத் தணித்துக்கொண்டு, வேகமாகச் சொல்லி முடித்தாள். அவள் வீட்டை விற்கப்போகிறார்கள். மகன் அங்கே பெரிய வீடு பார்த்திருக்கிறான், அதற்குப் பணம் வேண்டும். ஒரு டாக்டர் வாங்கத் தயார். ஆனால் அவருக்கு இரண்டு வீடும் வேண்டும், நடுச்சுவரை எடுத்துவிட்டு ஒன்றாக்கிக் கிளினிக் வைக்கிறாராம். இரண்டும் சேர்ந்து கிடைத்தால்தான் நல்ல விலை, ஒன்று மட்டும் என்றால் அவர் வரமாட்டார்.

"உனக்கும் நல்ல ரேட்டுதான் பவரு. வித்துட்டுப் பேசாம தம்பி வீட்டுக்குப் போயிடு. எத்தனை நாள் ஒத்தையில கிடப்ப? சொந்தம் பந்தம்னு நாலு பேரு சுத்தி இருந்தா..."

"சமையல் ரூம்ல நிறுத்திடுவான்னு சொன்னியே."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னைக்குப் போகாதேன்னு ஒரு காரணம் சொன்ன. இன்னைக்குப் போன்னு சொல்றதுக்கு என்ன காரணம் ஊசி?"

"அவன் பக்கத்துல இருக்கான்டி" என்றாள் ஊசி, கிசுகிசுப்பாக.

"இருக்கட்டும். கலங்கரை விளக்கம் என் வீட்டுல இருக்கு. ஆறு பாதியும் இங்கதான் இருக்கு. வாட்ச்மேன் கொண்டுவந்து குடுத்தாரு."

 ஊசி சொன்னாள்: "இங்க வந்து பெட்டியைத் திறந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. உன்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுகிட்டுச் சொல்றது?"

"சொல்லாமலே இருந்திருக்கலாமே. உனக்கு அது கைவந்ததாச்சே. பொய் எதுக்கு?"

"உன்னைச் சந்தோஷப்படுத்தலாம்னு..."

"வீட்டை வாங்க வச்சும் சந்தோஷப்படுத்தின. இப்ப விக்க வச்சும் சந்தோஷப்படுத்தப் பாக்கறே. போதும்டி. நான் விக்கல."

"அடம் பிடிக்காத பவரு. அவன் எனக்காகத்தான் பெரிய வீடு பாக்கறான். எனக்குன்னு ஒரு ரூம் வரும். இப்ப குழந்தைகூடத்தான் படுத்திருக்கேன்." குரல் உடைந்தது. "நீ மனசு வச்சா முடியும்."

பவருவுக்கு அந்த அறை கண்முன்னால் வந்தது. குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு மெத்தை, ஆயுசு முழுக்க ஒரு வார்டையே மேய்த்தவள் அதில் ஒருக்களித்துப் படுத்திருப்பது. பரிதாபமாகத்தான் இருந்தது. தன் வீட்டைக் கொடுக்கிற அளவுக்கு இல்லை.

"உனக்கு ரூம் வேணும்னா உன் மகன்கிட்ட கேளு. எனக்கு இந்த ஊரை விட்டா ஊர் கிடையாது. இந்த வீட்டை விட்டா போக இடம் கிடையாது. இருந்த ஒரு இடத்தையும் உன் பக்கத்துல இருக்கணும்னு வித்துட்டு வந்தவ நான்."

"அப்ப உன் இஷ்டம்" என்று ஊசி போனை வைத்தாள். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பவருவும் கூப்பிட்டுப் பேசவில்லை. மகனிடமிருந்து மட்டும் ஒரு செய்தி வந்தது: "உங்களை நான் இப்படி நினைக்கலை ஆன்ட்டி." பெரியம்மா ஆன்ட்டியானதைப் பவரு இரண்டு தடவை படித்தாள். அழிக்கவும் இல்லை, பதில் போடவும் இல்லை.

டாக்டர் வேறு கட்டடம் பார்த்துக்கொண்டார். ஊசியின் வீடு கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்து, கடைசியில் விழாக்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிற ஓர் ஆளிடம் குறைந்த விலைக்குப் போனது. அவர் அங்கே குடியிருக்கவில்லை. கூடம், படுக்கையறை, சமையலறை எல்லாவற்றிலும் கூரைவரை பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிப் பூட்டிவிட்டுப் போனார். முகூர்த்த நாளுக்கு முந்தின தினம் ஆட்கள் வந்து இறக்கிக்கொண்டு போவார்கள். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது.

தம்பி போன் செய்தான். விஷயம் எப்படியோ அவனுக்கு எட்டியிருந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஆரம்பித்தான்.

"சொன்னே."

"இப்ப என்னக்கா பண்ணப்போறே?"

"தரையில புத்தகம் கிடக்குது. கரையான் வரும். தச்சரை வரச் சொல்லியிருக்கேன்" என்றாள். தம்பி கேட்டது அதையல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

தச்சர் பலகைகளையும் துளை போடுகிற மெஷினையும் கொண்டுவந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டலாமே என்றார். பவரு நடுச்சுவரைக் காட்டினாள். அவர் விரல் மடித்து அதைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல மாட்டலாம். ஆனா ஆணி ஆழமாப் போகும், அந்தப் பக்கம் அதிரும். பக்கத்து வீட்டுல ஆளு இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்கம்மா. சத்தம்னு சண்டைக்கு வருவாங்க."

"யாரும் இல்ல. நாற்காலிதான் இருக்கு. போடுங்க."

"எவ்வளவு கனம் தாங்கணும்?"

பவரு தரையைப் பார்த்தாள். "எல்லாம்" என்றாள்.

தச்சர் மெஷினைச் சுவரில் வைத்து அழுத்தினார். அவள் புத்தக அடுக்குகளின்மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பை இழுத்து மூடிவிட்டு, தூள் படாமல் தள்ளி நின்றாள்.